மதிலோரத்து அன்னாசி

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு பழவண்டி நிற்கும். அது ஞானசௌந்தரியுடையது. தர்பூசணி, பப்பாளி, கொய்யா எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் அவளைப் ‘பைனாப்பிள்காரம்மா’ என்றுதான் சொல்வார்கள். அவள் அன்னாசி சீவுகிற அழகு அப்படி. கொண்டையைத் திருகி எடுப்பாள். தோலைப் பட்டை பட்டையாக இறக்குவாள். பிறகு கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருக்க மாட்டாள். அன்னாசியின் கண்கள் சாய்வான வரிசையில் பழத்தைச் சுற்றிக்கொண்டு ஏறும். அந்தச் சாய்விலேயே கத்தியை ஓட்டி ஒரு வாய்க்கால் வெட்டினால் ஒரு வரிசைக் கண் மொத்தமாக வந்துவிடும், சதையும் வீணாகாது. சீவி முடித்த பழம் முறுக்கி வைத்த தூண் மாதிரி அவள் உள்ளங்கையில் நிற்கும். அதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு பேராவது பேருந்தை விட்டுவிட்டு நிற்பார்கள்.

“இனிக்குமாம்மா?” என்று கேட்டால் உள்ளதைச் சொல்வாள்.

“இது கியூ ரகம் சார். பெருசா கீது, கண்ணு மேலாக்கா கீது, சீவறது சுலபம். ஆனா தண்ணி ஜாஸ்தி. ஜூசுக்குன்னா எடுத்துக்கினு போங்க. துன்றதுக்குன்னா இத்த எடுங்க.”

அப்படிச் சொல்லி அவள் எடுத்துக் காட்டுவது கேரளத்து வாழக்குளத்திலிருந்து வரும் மொரீஷியஸ் ரகம். அளவில் சிறியது. கொண்டை இலையின் ஓரமெல்லாம் முள். கண்கள் ஆழமாக இறங்கியிருப்பதால் சீவுவதற்குக் கை வலிக்கும். ஆனால் உள்ளே பொன் நிறம். கடித்தால் நறுக்கென்று இருக்கும். எப்போதாவது வடகிழக்கிலிருந்து ராணி என்று ஒரு ரகம் வரும். அது இதைவிடவும் சிறியது. அது வந்த அன்றைக்கு வண்டிக்குப் பத்தடி தள்ளி நின்றாலே மணக்கும். கொண்டை இலையைப் பிடுங்கிப் பார்த்துப் பழுத்ததா என்று சோதிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். “அத்த ஏன் சார் மொட்டையடிக்கிறீங்க? திருப்பிப் புடிச்சி அடிய மோந்து பாருங்க. அன்னாசி அடிலருந்துதான் பழுத்துக்கினு மேல ஏறும்” என்பாள்.

பிறந்தது முத்தாபுதுப்பேட்டையில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். அப்பா தச்சு வேலை செய்தவர். அளவு தப்பினால் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குகிறவர். அந்தக் குணம் பிள்ளைகளில் கடைசியான ஞானசௌந்தரிக்குத்தான் வந்தது. பத்தாவதில் கணக்குப் பாடம் காலை வாரிவிட்டது. அதற்கு மேல் படிப்பு இல்லை. கள்ளிக்குப்பத்தில் வேன் ஓட்டுகிற ஜெயபாலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் வேன் ஓட்டிய கம்பெனி ஊரை விட்டுப் போனபோது, வீட்டில் யாரும் கேட்காமலேயே அவள் வண்டி போட்டாள். தெருவில் நின்று கத்தி பிடிக்கிற வேலை அவளுக்கு எதற்கு என்று அண்ணன் அக்காள் எல்லோரும் தயங்கினார்கள். முதல் வாரமே போய்ப் பார்த்தார்கள். அவள் சீவி அடுக்கியிருந்த துண்டுகளைப் பார்த்தபிறகு ஆளுக்கு ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

கள்ளிக்குப்பத்தில் அவளுடைய பக்கத்து வீடு எழிலரசியுடையது. எழிலரசியின் மாமனார் காலத்தில் அந்தத் தெருவே அவர்களுடைய நெல் வயல். இப்போது அவள் கணவர் வேம்புலி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு மதில் ஒன்று உண்டு. ஞானசௌந்தரி மணமாகி வந்த வருடம், ஆடி மாதம் அம்மன் கோவிலுக்குக் கூழ் காய்ச்சிய அன்று, மதில்மேல் ஒரு சொம்பு வந்து உட்கார்ந்தது.

“இன்னும் படைக்கலடி. படைச்சா நீங்க துன்ன மாட்டீங்கன்னு தெரியும். அதான் முன்னாடியே எடுத்துட்டேன்” என்றாள் எழிலரசி.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஆடிக் கூழும் பொங்கலன்று பொங்கலும், சாமிக்குப் போவதற்கு முன்னால் ஒரு சொம்பு மதிலைத் தாண்டும். இந்தப் பக்கத்திலும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் சனிக்கிழமையில் வந்துவிட்டால், பெருமாளுக்காக அன்றைக்குக் கறி தொடாத எழிலரசிக்காக மட்டும் சின்னக் குக்கரில் தனியாகக் காய்கறி பிரியாணி வேகும். எழிலரசி மதில்மேல் வடகம் காயவைத்தால் காக்காய் விரட்டுவது ஞானசௌந்தரி. வண்டிக்குக் கிளம்புகிற நேரம் வரைக்கும் அவள்தான் காவல்.

வண்டியில் திருகிப் போடுகிற கொண்டைகளை மாட்டுக்குத்தான் கொடுப்பாள். ஒருநாள் நல்ல மொரீஷியஸ் பழங்களின் கொண்டைகளாகப் பார்த்து ஆறு எடுத்துவந்தாள். அடி இலைகளை உரித்துவிட்டு, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டாள். பிறகு உடைந்த பெயிண்ட் டப்பாக்களில் மணலும் எருவும் கலந்து நட்டாள். இரண்டை மதிலோரம் வைத்தாள். மதிலோரத்தில் அதற்குமேல் இடமில்லாததால் மீதி நாலும் படிக்கட்டுக்குப் போயின. கொண்டையிலிருந்து வருகிற செடி மெதுவாகத்தான் வளரும். பக்கக் கன்று வைத்தால் சீக்கிரம் காய்க்கும். ஆனால் கன்றுக்கு அவள் எங்கே போவாள்? இரண்டு வருடத்துக்குமேல் தண்ணீர் ஊற்றினாள். இலை மட்டும் வாள் வாளாக நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒன்றும் வரவில்லை.

“அழகுக்கு வச்சிக்கீறியா?” என்று ஜெயபால் கேட்பார்.

“வித்து வித்து கை காச்சிப்போச்சி. ஒரு பழமாவது என் ஊட்ல காய்ச்சி நான் பார்க்கணும்” என்பாள்.

இந்த வருடப் போகியன்று விடியற்காலையில் எங்கும் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஞானசௌந்தரி கதவைத் திறந்தபோது வாசலே தெரியாத அளவுக்குப் புகை. மதிலுக்கு அந்தப் பக்கம் எழிலரசி கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், பழைய முறம் எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தியிருந்தாள். காற்று இந்தப் பக்கம் அடித்தது. மதிலோரத்து இரண்டு செடிகளும் புகைக்குள் மூழ்கிக் கிடந்தன. ஒன்றின் இலை நுனி அனலில் சுருண்டு பழுப்பாகியிருந்தது.

ஞானசௌந்தரிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

“கண்ணு இல்லியாக்கா உனுக்கு? ரெண்டு வருசமா புள்ள மாதிரி வளத்துக்கினு கீறேன். உங்க போகியும் பொங்கலும் எங்களுக்கு இன்னாத்துக்கு? கொளுத்தணும்னா உங்க ஊட்டுக்குள்ள வச்சி கொளுத்திக்க.”

எழிலரசி கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள்.

“இருபது வருசமா சொம்பு சொம்பா வாங்கித் துன்னியே, அப்பல்லாம் தெரியலியா, அது எங்க பொங்கல்னு?”

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் பொங்கல் பொங்கியது. அந்தப் பக்கத்தில் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கூவியது இந்தப் பக்கம் கேட்டது. மதில்மேல் சொம்பு வரவில்லை.

மார்ச் மாதம் ஒருநாள் தண்ணீர் ஊற்றும்போது, மதிலோரத்துச் செடிகளின் நடுக்குருத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இலைகளை விலக்கிப் பார்த்தாள். தாழம்பூ மொட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசிய மாதிரி இரண்டிலும் பூந்தண்டு. சில நாளில் அது உயர்ந்து வந்தது. அடிவரிசையிலிருந்து ஊதா நிறத்தில் பொடிப் பொடியாய்ப் பூக்கள் விரிந்தன. இன்றைக்கு விரிந்தது நாளைக்கு வாடும். அதற்கு மேல் இருப்பது நாளைக்கு விரியும். இத்தனை வருடம் அன்னாசி சீவியவள், தான் வெட்டியெறிந்த கண் ஒவ்வொன்றும் ஒரு பூவாக இருந்தது என்பதை அப்போதுதான் பார்த்தாள். அத்தனை பூவும் அத்தனை காயாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் ஒரு பழமாகிறது.

சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வாரம் அதே தெருவில் ஹெலினா வீட்டு ஜெபக்கூட்டத்தில் எழுந்து, கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொன்னாள். பக்கத்து வீட்டுப் புகையில் கருகிப்போன செடியைக் கர்த்தர் பூக்கவைத்தார் என்றாள். கருகியது நுனி மட்டும்தான் என்பது அவளுக்கே தெரியும். சொல்லுகிற வேகத்தில் செடி முழுக்கக் கருகிவிட்டது. பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மறுநாள் காலை ஹெலினா தெருக்குழாயில் அதை நாலு பேருக்குச் சொன்னாள். அந்த நாலு பேருக்குப் பின்னால் குடத்தோடு எழிலரசி நின்றிருந்தாள். அன்று மதில்மேல் இருந்த வடகத் தட்டு மாடிக்குப் போய்விட்டது.

வானகரத்தில் பைபாஸை ஒட்டி ஒரு கிடங்கு உண்டு. வாழக்குளத்து லாரிகள் அங்கேதான் இறக்கும். ஞானசௌந்தரி அங்கே பழம் எடுக்கப் போவாள். சித்திரை வெயிலில் ஒருநாள், இறக்குவதற்கு ஆள் வரும்வரை லாரி ஓட்டுநர் பேபிச்சன் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கே ஊரில் கொஞ்சம் அன்னாசித் தோட்டம் உண்டு. ஞானசௌந்தரி செல்போனை நீட்டித் தன் செடியின் படத்தைக் காட்டினாள்.

“கொள்ளாமே சேச்சி, நல்லாருக்கு. மருந்து ஊத்தியோ?” என்றார் அவர்.

“இன்னா மருந்து?”

“அன்னாசிய சும்மா விட்டா ஒண்ணு இப்பப் பூக்கும், ஒண்ணு அடுத்த வருசம் பூக்கும். எல்லாம் ஒண்ணா பூக்க நாங்க நடுக்குருத்தில மருந்து ஊத்தும். நீங்க ஊத்தலியா? பின்ன எப்படி ரெண்டும் ஒரே சமயம் பூத்தது?”

“அதான் எனுக்கும் தெரியல. படிக்கட்டாண்ட நாலு கீது. அதே கொண்டை, அதே மண்ணு. அது பூக்கல.”

பேபிச்சன் கொஞ்சம் யோசித்தார். “பக்கத்தில புகை ஏதாச்சும் போட்டோ? மருந்து இல்லாத காலத்தில சில நாட்டில செடிக்குப் புகை போட்டுதான் பூக்க வைக்கும்னு எங்க விவசாய ஆபீஸு, கிருஷிபவன் க்ளாஸில சொல்லியிருக்கு. புகையில ஒரு வாயு உண்டு. மூத்த செடிக்கு அது பட்டா, மாசம் ஒண்ணரை ரெண்டுக்குள்ள பூ வரும்.”

ஞானசௌந்தரி போகியிலிருந்து மார்ச் வரை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாக வந்தது.

வீட்டுக்கு வந்து ஜெயபாலிடம் சொன்னாள். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். “அப்ப கர்த்தர் பூக்க வைக்கலியா?”

“அவுருதான் வச்சாரு. எழிலக்கா கையால வச்சாரு. நான்தான் அவங்களப் போயி சத்துரு மாதிரி சொல்லிட்டேன்.”

சிரிப்பு அடங்கியது. “போயிச் சொல்லிடேன்” என்றார்.

“எந்த மூஞ்சிய வச்சிக்கினு?”

அடுத்த புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மறுபடி எழுந்தாள். போன தடவை சொன்ன சாட்சியில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றாள். சாட்சிக்குத் திருத்தம் சொன்னவர்களை அங்கே யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செடி கருகவில்லை, நுனிதான் சுருண்டது, புகைதான் அதைப் பூக்க வைத்தது, புகை போட்டது எழிலரசி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.  எப்படியும் ஹெலினா இதைக் குழாயடிக்குக் கொண்டுபோவாள், எழிலரசி காதில் விழும் என்று நம்பிக் காத்திருந்தாள். ஆனால் இது ஹெலினாவுக்குச் சுவாரசியமாகப் படவில்லை. “அத்தப் போயி இன்னான்னுமா சொல்றது?” என்று அவள் விட்டுவிட்டாள். வடகத் தட்டு மாடியிலேயே காய்ந்தது.

காய் பருத்தது. கண்கள் தட்டையாகி அகன்றன. ஞானசௌந்தரி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பழமாவது பழுத்துவிடும். அதை எடுத்துப்போய் மதில்மேல் வைத்தால் போதும், பழமே பேசிவிடும். அந்த வருடக் கூழ்ச் சொம்பும் வராமல் போனால், பிறகு ஒருநாளும் வராது என்று அவளுக்குப் பட்டது. இருபது வருட வழக்கத்தில் ஒன்று ஏற்கெனவே விடுபட்டுவிட்டது. இரண்டாவதும் விடுபட்டால் அதுவே புது வழக்கமாகிவிடும்.

தெருமுனையில் கோவில் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஞாயிறு நெருங்கியது. பெரிய காயின் அடியில் மட்டும் விரலகலத்துக்கு மஞ்சள் தட்டியிருந்தது. மேலே எல்லாம் பச்சை.

“வெட்டி அரிசி டிரம்முல போடு. ரெண்டு நாள்ல பழுத்துடும். எங்கம்மா மாங்காய அப்படித்தான் பழுக்க வைப்பாங்க” என்றார் ஜெயபால்.

“மாங்கா பழுக்கும். வாழை பழுக்கும். இது அப்படி இல்ல. செடிய உட்டு வெட்டுன நிமிசத்தோட இதுக்கு இனிப்பு ஏறறது நின்னுடும். வச்சிருந்தா தோலு மஞ்சளாவும், சதை கொழகொழன்னு ஆவும். இனிப்பு மட்டும் ஏறாது. அது செடிலருந்துதான் வரணும்.”

“யாருக்குத் தெரியப்போவுது? மஞ்சளா இருந்தா சரி.”

“எழிலக்கா கடிச்சிப் பார்ப்பாங்க இல்ல?”

சனிக்கிழமை சாயங்காலம் கத்தியை எடுத்துக்கொண்டு மதிலோரம் வரைக்கும் போனாள். குனிந்து அடியை முகர்ந்தாள். பச்சை இலை வாசனைதான் வந்தது. கத்தியை உள்ளே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்துக்குப் போவதற்காக வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் எழிலரசி வேப்பிலை கட்டிய அண்டாவில் கேழ்வரகுக் கூழைத் துழாவிக்கொண்டிருந்தாள். நெற்றியில் அகலமாக மஞ்சள் பூசியிருந்தாள். ஞானசௌந்தரி அலமாரியிலிருந்து தன் வீட்டுச் சொம்பு ஒன்றை எடுத்தாள். புளி போட்டு விளக்கிக் கழுவினாள். கொண்டுபோய் மதில்மேல் வைத்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது. எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி அண்டாவைப் பார்த்தாள்.

“யக்கா” என்றாள் ஞானசௌந்தரி. “படிக்கட்டாண்ட நாலு செடி கீது. இத்தினி நாளாச்சி, ஒண்ணுகூட பூக்கல. வர்ற போகிக்கு அந்தப் பக்கமாவும் கொஞ்சம் கொளுத்தறியா?”

துழாவுகிற கட்டை நின்றது.

“இன்னாடி சொல்ற?”

“நீ போட்ட பொகைலதான் பூத்துச்சாம். லாரிக்காரு சொன்னாரு. பொகை பட்ட ரெண்டும் பூத்துச்சி, படாத நாலும் அப்படியே கீது. நான் சொன்னது தப்பு. ஜெபத்துலயும் எழுந்து சொல்லிட்டேன்.”

“அத்த எவ வந்து சொன்னா எங்கிட்ட? என்னைத் திட்டுனது மட்டும் தெருமுழுக்க வந்துச்சி.”

“தெரியும். அதான் நானே வந்தேன். பழத்தோட வரலாம்னு பார்த்தேன். அது பழுக்க மாட்டேங்குது.”

எழிலரசி கட்டையை அண்டாவின் விளிம்பில் தட்டினாள்.

“எங்க போகி உனுக்கு இன்னாத்துக்குன்னு கேட்ட வாயி.”

“அந்த வாயிதான் இப்ப கூழு கேக்குது.”

எழிலரசி சிரிக்கவில்லை. அண்டாவை ஒரு சுற்றுத் துழாவினாள். இன்னொரு சுற்றும் துழாவினாள். கோவில் பக்கம் உடுக்கை கேட்டது. பிறகு அகப்பையை எடுத்தாள்.

“சொம்ப இப்படித் தள்ளி வையி, கை எட்டல. சீக்கிரம், இன்னும் படைக்கல.”

பழம் அதற்குப் பிறகு தன் இஷ்டத்துக்குப் பழுத்தது. மஞ்சள் அடியிலிருந்து கண் வரிசையாக ஏறி முக்கால் உயரம் வந்த அன்று, ஞானசௌந்தரி அதைச் செடியிலிருந்து எடுத்தாள். மதில்மேலேயே வைத்துச் சீவினாள். எழிலரசி அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவள் கத்தி சாய்ந்து சாய்ந்து ஓடுவதைப் பார்த்தாள். இரண்டாவது காய் ஆலயக் காணிக்கைக்கு என்று செடியிலேயே நின்றது. ஞானசௌந்தரி சீவிய பழத்தைக் குறுக்கே வெட்டி, அடிப் பாதியை அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

“கொண்டைப் பக்கம் கொஞ்சம் புளிக்கும். நீ இத்தத் துன்னு.”

எழிலரசி கடித்தாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் இன்னொரு கடி கடித்தாள். பிறகு, திருகி வைத்திருந்த கொண்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத்த எங்க பக்கம் நட்டுக்கறேன்” என்றாள். “ஆனா உன் நாலு செடியோட பொகைக்குத்தான் இன்னா பண்றதுன்னு தெரியல. எங்க ஊட்டுக்காரு படுக்கிற பாயி இன்னும் கிழியல. மார்கழிக்குள்ள கிழிச்சி வைக்கணும்.”